புலிக்கூண்டு வசனம்

ஹார்ன் வீடு எது என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவன்கூட எழுந்து வழி காட்டுவான். பட்டப்பெயரை வைத்தவன் யாரென்று தெரியாது. வைத்தவன் சரியாகத்தான் வைத்திருந்தான். மூன்று சக்கர வண்டியின் கூரையில் முன்னே பார்த்து ஒன்றும் பின்னே பார்த்து ஒன்றுமாக இரண்டு கூம்பு ஸ்பீக்கர்கள். சீட்டுக்கு அடியில் பேட்டரி, அதன் மேல் ஆம்ப்ளிஃபயர், கையில் துணி சுற்றிய மைக். துணிக்கடைத் தள்ளுபடி, குழாயில் தண்ணீர் வராத நாள், காணாமல் போன குழந்தையின் சட்டை நிறம், யாரோ ஒரு பெரிய மனிதரின் இறுதி ஊர்வலம் கிளம்பும் நேரம் என எல்லாவற்றுக்கும் அதே தொண்டைதான். தள்ளுபடிக்கு அதில் ஒரு சிரிப்பு ஏறும், சாவுக்கு ஒரு கனம் இறங்கும்.

"இவன் வாயைத் தெறந்தா செத்தவனே எழுந்து எந்தக் கடையில தள்ளுபடின்னு கேப்பான்" என்பார் டீக்கடைக்காரர்.

தொண்டை தேறியது ஒரு சர்க்கஸில். மீசை முளைத்த வயதில் அங்கே கூடாரம் அடிக்கச் சேர்ந்தவரை, ஒருநாள் அறிவிப்பாளனுக்குக் காய்ச்சல் என்று மைக் முன்னால் நிறுத்தினார்கள். அந்த சர்க்கஸில் ஒரு புலி இருந்தது. கிழட்டுப் புலி. பாதிப் பல் விழுந்து, மீதிப் பல்லையும் காட்டச் சோம்பல்பட்டு, பகல் முழுக்கத் தூங்கும். "டேய், புலி உறுமாது. அதுக்கும் சேர்த்து நீதான் உறுமணும்" என்றார் மேனேஜர். அப்படிப் பிறந்ததுதான் அந்த வசனம்.

"நெருங்காதீர்கள்! கூண்டை நெருங்காதீர்கள்! நெருங்கியவர் வீடு திரும்பியதில்லை!"

கூட்டம் ஓரடி பின்வாங்கும். குழந்தைகள் அப்பாவின் காலைக் கட்டிக்கொள்ளும். புலி புரண்டு படுக்கும். உண்மையாகவே பாயக்கூடிய புலிக்கு அறிவிப்பாளர் தேவையில்லை. கூண்டின் அருகே பயப்பட ஒன்றும் இல்லாததால்தான் அங்கே பயத்தைக் குரலில் செய்து தர வேண்டியிருந்தது. அந்த வயதில் அவருக்கு இது ஒரு தொழில் நுணுக்கமாகத்தான் பட்டது.

சர்க்கஸ் கலைந்து, வண்டி வாங்கி, கல்யாணமும் ஆன பிறகு, எய்ட்ஸ் விழிப்புணர்வு அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்த ஒலிப்பதிவு அறையில் அவரை உட்கார வைத்து ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் பாதி, கிருமி எப்படியெல்லாம் பரவும் என்றும் மீதிப் பாதி, எப்படியெல்லாம் பரவாது என்றும் இருந்தது. திக்காமல் திணறாமல் வாசித்தார். பிரச்சார அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாம் சரிங்க. பயமே வரலையே. கேக்கறவனுக்கு முதுகுல சில்லுன்னு ஓட வேணாமா?"

"பயம் வேணும்னா எங்கிட்ட ஒண்ணு இருக்கு சார்" என்றார் இவர். புலிக்கூண்டு வசனத்தை எடுத்து, கூண்டு இருந்த இடத்தில் எய்ட்ஸை வைத்து, ஒரு உறுமு உறுமினார். மெத்தைக்குள் பதுங்கியிருந்த பல்லி கீழே விழுந்தது. அதிகாரி மேசையைத் தட்டினார்.

"இதான்! இதேதான்!"

ஆனால் பதிவு அரை நிமிடத்துக்குள் அடங்க வேண்டுமாம். ஆம்புலன்ஸ் சைரனும் சேர்த்த பிறகு நேரம் போதவில்லை. எதையாவது வெட்டியாக வேண்டும். 'பரவாது' என்ற பகுதியை வெட்டினார்கள். தொடுவதால் பரவாது, சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது, ஒரே வீட்டில் இருப்பதால் பரவாது, எல்லாம் கத்தரிக்குப் போயின. சைரன் மிஞ்சியது. உறுமல் மிஞ்சியது. ஒழுக்கமாக வாழுங்கள் என்று கடைசியில் ஒரு வரியும் மிஞ்சியது.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் பிரச்சார வாரத்தில் வாடகை வண்டிகள் அந்தப் பதிவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றின. ஹார்னை மறுபடி யாரும் கூப்பிடவில்லை. குரல்தான் கையில் இருக்கிறதே, ஆள் எதற்கு? முதலில் அவருக்கு அதில் பெருமைகூட இருந்தது. பிறகு அதுவும் தெருச் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது.

அவருக்கு ஒரே தங்கை. ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார். அவர் நல்ல மனிதர்தான். நோயைக் கடைசிவரை மறைத்துவைத்தார் என்பது தவிர. எதற்குப் பயந்து மறைத்தாரோ அந்தப் பயத்தை ஊருக்கு ஊட்டியதில் மச்சானின் குரலுக்கும் பங்கு உண்டு. வெளியே சொல்லியிருந்தால் மாத்திரை கிடைத்திருக்கும். சொல்லாமலே இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகுதான் தங்கைக்குப் பரிசோதனை செய்தார்கள், அவளுக்கும் இருந்தது.

அவள் அழுதது கொஞ்ச நாள்தான். பிறகு தினமும் ஒரு மாத்திரை, இடையிடையே ரத்தப் பரிசோதனை என்று வாழ்க்கை ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது. "உங்க ரத்தத்துல கிருமியைத் தேடினாலும் அகப்படலம்மா. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்று டாக்டரம்மா சொன்ன அன்று அண்ணன் வீட்டுக்குக் குதித்துக்கொண்டு வந்தாள். ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை கிடைத்தது. சேரும்போதே காப்பகத்து மேடத்திடம் உள்ளதைச் சொன்னாள். "எனக்குத் தெரிஞ்சா போதும்" என்றார் மேடம். குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுவது, முகம் துடைப்பது, மத்தியானம் தூங்க வைப்பது அவள் வேலை. எந்தக் குழந்தைக்கு முதுகில் தட்டினால் தூக்கம் வரும், எதற்குக் காதைத் தடவ வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். குழந்தைகள் அவளை அத்தை என்றார்கள்.

அண்ணன் வீட்டில்தான் ஒரு நாற்றம் கிளம்பியது. அவள் வந்துவிட்டுப் போன ஒவ்வொரு முறையும் குளியலறையில் ஃபினாயில் மணத்தது. ஒருநாள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியதுமே மனைவி பாட்டிலோடு உள்ளே போவதை ஹார்ன் பார்த்துவிட்டார்.

"என்ன பண்ற? அவ உனக்கு நாத்தனார், பூச்சி இல்ல."

மனைவி பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. "நீங்கதானே ஊர் முழுக்கச் சொன்னீங்க, நெருங்காதே நெருங்காதேன்னு? எல்லாரும் தெருவுல கேட்டாங்க. நான் வீட்டுக்குள்ள கேட்டேன். அவ்வளவுதான்."

அவர் அவளை உட்கார வைத்தார். தாளில் என்னென்ன இருந்தன, எதை வெட்டினார்கள் என்று ஒவ்வொன்றாக அவளுக்குச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "வெட்டினதை எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். ஃபினாயில் பாட்டில் அலமாரிக்குப் போனது. ஆனால் வெட்டியது காதில் விழாத எத்தனையோ வீடுகள் இருந்தன.

இந்த வருடப் பிரச்சார வாரத்தில் ஒரு வண்டி காப்பகத்துக்கு நேர் எதிரே, மர நிழலில் போய் நின்றுகொண்டது. காலையிலிருந்து அதே சைரன், அதே உறுமல். மூன்றாம் நாள் தங்கை வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, உனக்கு ஒரு சிரிப்புச் சொல்லவா? புள்ளைங்க புதுசா ஒரு விளையாட்டுக் கண்டுபிடிச்சிருக்கு. ஒருத்தர் எய்ட்ஸு. மத்தவங்க 'நெருங்காதே'ன்னு கத்திக்கிட்டே ஓடணும். தொட்டா அவுட்டு. 'அத்தை, நீங்கதான் நல்லாத் துரத்துவீங்க, நீங்க எய்ட்ஸா இருங்க'ன்னு இழுத்துட்டுப் போயிடுச்சுங்க."

"நீ என்ன பண்ண?"

"துரத்தினேன். வேற என்ன பண்றது? அதுங்களுக்கு என்ன தெரியும்?" சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரத்தைத் தேய்த்தாள். ஹார்ன் வந்து தங்கையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

சிரிப்பு அத்தோடு முடியவில்லை. மருத்துவமனையில் இந்த மாத்திரைக்கென்று தனி ஜன்னல். அதன் மேல் தூரத்திலிருந்து படிக்கும்படி ஒரு பலகை. ரகசியம் காப்போம் என்று எழுதிய சுவரொட்டியும் அதே ஜன்னலில்தான் ஒட்டியிருக்கும். பக்கத்து வரிசையில் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க நின்ற, காப்பகத்துக் குழந்தை ஒன்றின் தாய், தங்கையைப் பார்த்துவிட்டாள். மறுநாள் காப்பக வாசலில் கேட்டாள். தங்கை "ஆமா" என்றாள். சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் கூட்டி முடிவெடுப்பதாக மேடம் சொல்லிவிட்டார். அதுவரை வர வேண்டாமாம்.

"எனக்கு வேற எந்த வேலை போனாலும் பரவால்லண்ணா. இது போகக் கூடாது" என்றாள் தங்கை. அவ்வளவுதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஹார்ன் நேரே விழிப்புணர்வு அலுவலகத்துக்குப் போனார். அதே அதிகாரி, இப்போது தலைமுடிக்கு மை பூசி, பெரிய நாற்காலியில் இருந்தார்.

"வாங்க, வாங்க! நம்ம குரலே நேர்ல வந்திருக்கு! டீ சொல்லட்டுமா?"

"டீ வேணாம் சார். அந்த ரெக்கார்டை நிறுத்தணும்."

"எதை? அதுதாங்க நம்ம ஹிட்டு! சர்வே எடுத்தோம். யாரைக் கேட்டாலும் வசனம் அப்படியே மனப்பாடம்."

"மனப்பாடம் சரி. என்ன தெரிஞ்சுக்கிட்டாங்க?"

"நெருங்கக் கூடாதுன்னு."

"யாரை?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நோயைத்தான்."

"நோய் எங்க சார் தனியா நடந்து வருது? ஆளுதானே வருது?"

"உணர்ச்சிவசப்படாதீங்க."

"என் தங்கச்சியை எய்ட்ஸா நிக்க வெச்சு விளையாடுதுங்க சார் புள்ளைங்க. உணர்ச்சிவசப்படாம வேற என்ன பண்ணச் சொல்றீங்க? வேற பேசித் தரேன். சும்மாவே பேசித் தரேன். அன்னைக்கு வெட்டினதைச் சேர்த்துப் போடுங்க."

"வாசகத்துக்கு கமிட்டி ஒப்புதல் வேணும். அடுத்த வருஷம் பார்ப்போம். இந்த வருஷத்துக்கு எல்லா வண்டிக்கும் காப்பி போட்டாச்சு."

"என் குரல் சார் அது."

"பேசினது நீங்க. பதிவு எங்களோடது" என்று அதிகாரி மிகவும் மரியாதையாகச் சொன்னார். டீ வந்தது.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கத்திவிட்டாவது வந்திருக்கலாம். கெட்டவர் இல்லை. வேலையைச் செய்கிறவர். வருடம் தவறாமல் ஊருக்கு விழிப்பூட்டியிருக்கிறோம் என்று மனசாரத் தூங்குகிறவர். ஒரு பொய்யைச் சொன்னவனை மடக்கலாம். பாதி உண்மையை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு மீதிக்கு நேரமில்லை என்கிறவனை எங்கே பிடிப்பது?

கூட்டத்துக்குத் தங்கை அண்ணனையும் வரச் சொன்னாள், ஒரு கட்டளையோடு. "வா. ஆனா வாயைத் தெறக்காத. உன் குரலைக் கேட்டா அவங்களுக்கு அந்த வண்டி ஞாபகம்தான் வரும்."

காப்பகத்தில் குழந்தைகளின் குட்டி நாற்காலிகள்தான் இருந்தன. முழங்கால் முகவாயில் இடிக்க, பெற்றவர்கள் அதில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளைப் பக்கத்து அறையில் விட்டிருந்தார்கள். தங்கை கேட்டுக்கொண்டதற்காக டாக்டரம்மா வந்திருந்தார். எந்த நோயாளியைப் பற்றியும் பேசாமல், பொதுவாகப் பேசினார்.

"தொட்டா வராது. சேர்ந்து சாப்பிட்டா வராது. எச்சில்ல வராது, கொசுவால வராது. ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்துல கிருமி தெரியாத அளவுக்கு அடங்கிட்டா, கட்டிக்கிட்டவங்களுக்கே உறவுல பரவாது. கிருமி இல்லாத குழந்தையைப் பெத்துக்கலாம். அப்படி இருக்கறப்ப, உங்க பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டறதுல என்ன வந்துடப் போகுது?"

வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனார் கை தூக்கினார். "நீங்க சொல்றது எல்லாம் புரியுது டாக்டர். ஆனா…"

அந்த 'ஆனா' அறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. புரியுது, ஆனா குழந்தைங்க விஷயம். புரியுது, ஆனா நாளைக்கு ஒண்ணுன்னா. புரியுது, ஆனா மாமியார் ஒத்துக்க மாட்டாங்க. அறிவு அவர்களிடம் வராமல் இல்லை. வாசல்வரை வந்தது, 'ஆனா' என்ற படியில் இறக்கிவிட்டார்கள்.

மருத்துவமனை வரிசையில் அவளைப் பார்த்த தாய் சொன்னாள்: "நான் யாரையும் குத்தம் சொல்லல. அவங்க தப்புப் பண்ணாதவங்கன்னு எனக்குத் தெரியும். புருஷனாலதான் வந்துச்சாம், பாவம்."

அந்தப் 'பாவம்'தான் ஹார்னை எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது. வேறு எப்படியாவது வந்திருந்தால்? அப்போது துரத்தலாமா? மாத்திரை ஆளின் யோக்கியதையைப் பார்த்தா வேலை செய்கிறது?

அந்த நேரம் பக்கத்து அறையிலிருந்து கேட்டது: "எய்ட்ஸ் வருது, எய்ட்ஸ் வருது! நெருங்காதே!" தடதடவென்று சின்னக் கால்கள் ஓடின. குட்டி நாற்காலிகளில் இரண்டு மூன்று பேர் புன்னகை செய்தார்கள். ஹார்ன் பற்களைக் கடித்துக்கொண்டார்.

மேடம் தொண்டையைச் செருமினார். "எல்லாருக்கும் பொதுவா ஒரு வழி சொல்றேன். அவங்களை நிறுத்த வேணாம், நாம அப்படிப்பட்டவங்க இல்ல. தரை, பாத்ரூம், துணி துவைக்கிறது, இதெல்லாம் பார்த்துக்கட்டும். புள்ளைங்க பக்கம் வர வேணாம்."

ஓர் ஆறுதல் பெருமூச்சு பரவியது. ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார். எவ்வளவு நல்ல மனிதர்கள் தாங்கள் என்று அறையே தன்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டது.

தங்கை எழுந்தாள்.

"மேடம், தரையைத் துடைக்கிற கை புள்ளைங்க வாயைத் துடைக்கக் கூடாதா?"

மேடம் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

"நெஜமாவே கிருமிக்குப் பயந்தீங்கன்னா, என்னைப் பாத்ரூம் பக்கம்கூட விட மாட்டீங்க. புள்ளைங்க உக்கார்ற இடம் அது. அதுக்கு மட்டும் விடறீங்க. அப்ப இது பயமில்ல. என்னை எங்க வைக்கணும்னு நெனைக்கிறீங்களோ, அங்க வைக்கிறீங்க." அவள் குரல் உயரவில்லை. "திங்கக்கிழமை எப்பவும்போல வருவேன். ஊட்டுவேன், தூக்குவேன், தூங்க வைப்பேன். வேணாம்னா புள்ளைங்க முன்னாடி நிக்க வெச்சு, அத்தை ஏன் வேணாம்னு அதுங்களுக்குச் சொல்லி அனுப்புங்க."

திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தாள். அண்ணன் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஹார்ன் வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டளை இன்னும் அமலில் இருந்தது.

திங்கட்கிழமை காலை அவரே அவளைக் கொண்டுபோய் இறக்கினார். வாசலில் மேடம், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக, இரண்டு அலறும் குழந்தைகளோடு தலை கலைந்து நின்றார். தங்கையைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். பிறகு இடுப்பில் இருந்ததை அவளிடம் நீட்டினார்.

"வா, வா. இவன் வந்ததுலேர்ந்து நிறுத்தல. உனக்குத்தான் இவன் அடங்குவான்."

இதை நல்ல மனசு என்று சொல்லிவிட முடியாது. மூன்று நாளாகக் குழந்தைகள் தூங்கவில்லை, வேறு ஆளும் அகப்படவில்லை, அவ்வளவுதான். சில வீடுகள் பிள்ளைகளை நிறுத்திவிட்டன. வங்கித் தகப்பனார் நிறுத்தவில்லை. அவ்வளவு காலையில் திறக்கும் காப்பகம் அந்தப் பக்கத்தில் வேறு இல்லை. பையனை உள்ளே விட்டுவிட்டு, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினார். மாறாத கருத்தும் மாற்ற முடியாத வேலை நேரமுமாகப் போனார்.

பிரச்சாரத்தை இன்னும் இரண்டு நாள் நீட்டியிருந்தார்கள், எதிர் மர நிழலில் வண்டி வந்து நின்றது. சைரன் ஊளையிட்டது. உள்ளேயிருந்து சின்னக் குரல்கள் "ஏ, எய்ட்ஸ் வண்டி!" என்று கூவின. ஹார்ன் தெருவைக் கடந்தார். ஓட்டுநர் வாட்டசாட்டமான ஆள். இவரைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அண்ணே! உங்க குரல்ணே இது! காலையிலேர்ந்து உங்ககூடத்தான் சுத்தறேன்."

ஹார்ன் உள்ளே கை விட்டு பென் டிரைவைப் பிடுங்கினார். உறுமல் பாதியில் அறுந்தது. தெரு சட்டென்று பெரிதானது போலிருந்தது.

"அண்ணே, ஆபீஸ்ல கேப்பாங்கண்ணே!"

"ஹார்ன் புடுங்கிட்டான்னு சொல்லு. போலீஸுக்குப் போகச் சொல்லு. அங்க வந்தும் பேசறேன். மைக் இருக்கா?"

"இருக்கு… ஆனா சத்தம் நின்னா என் பொழப்பு—"

"சத்தம் நிக்காது."

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து மைக்கை வாங்கினார். அந்தப் பழைய உறுமல் பழக்கத்தில் நெஞ்சுக்குழிவரை வந்தது, விழுங்கினார். வீட்டில் பேசுகிற மாதிரி ஆரம்பித்தார்.

"எச்.ஐ.வி. தொட்டா வராதுங்க. சேர்ந்து சாப்பிட்டா வராது. ஒரே வீட்டுல இருந்தா வராது. இதுக்கு மாத்திரை இருக்கு. பரிசோதனை பண்ணிக்குங்க. இருந்தா வெளிய சொல்லப் பயப்படாதீங்க. ஒருத்தர் சொன்னா, கேக்கறவங்க ஓடாதீங்க. இவ்வளவு நாள் இந்த வண்டியில வந்தது பாதிதாங்க. மீதி இது."

காய்கறிப் பையோடு போன ஒருவர் நின்று பார்த்தார். "என்ன ஹார்ன், தொண்டை கட்டிக்கிச்சா? காரமே இல்லியே?"

"கிட்ட வந்து கேளுய்யா."

"வேலை கெடக்கு" என்று அவர் போய்விட்டார். இன்னும் நாலைந்து பேர் தலையைத் திருப்பிவிட்டுப் போனார்கள். ஒரு பெண் மட்டும், பால் பாக்கெட்டோடு, அவர் இரண்டாம் முறை சொல்லி முடிக்கும்வரை எதிர்ச் சுவரோரம் நின்று கேட்டாள். எதுவும் கேட்காமல் நகர்ந்துபோனாள். அவர் மூன்றாம் முறை ஆரம்பித்தார். மத்தியானம்வரை சொன்னதையே சொன்னார்.

காப்பகத்துக் கதவு திறந்தது. தங்கை, தோளில் வாய் பிளந்து தூங்கும் ஒரு குழந்தையோடு, வாசலுக்கு வந்தாள்.

"அண்ணா, நல்லாத்தான் பேசற. ஆனா இங்க புள்ளைங்க தூங்குது. வேற தெருவுக்குப் போ."

அவர் மைக்கை அணைத்தார். ஓட்டுநர் சாவியைத் திருகினார்.

"எந்தப் பக்கம்ணே?"

"விழிப்புணர்வு ஆபீஸ் தெருவுக்கு விடு. அங்கதான் இதை யாரும் இன்னும் கேக்கல."